தகுதியுள்ளவர் எவருமில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. சூலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவள் என்பதால், 'உங்களுக்கென்னங்க டீச்சர், கடைசி வரைக்கும் கவலையில்ல' என்று இளம் ஆசிரியர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஓய்வூதியக் கணக்கு தயாராகி, சரிபார்ப்பதற்காக ஒரு நகல் பள்ளிக்கு வந்தது. மதிய இடைவேளையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பணிக்காலம் எவ்வளவு, கடைசிச் சம்பளம் எவ்வளவு, அதில் பாதி ஓய்வூதியமாக எப்படி வருகிறது, அதில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால் மாதாமாதம் எவ்வளவு குறையும், எல்லாவற்றையும் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சருக்கு அது ஒரு சந்தோஷம். எதிலும் தப்பில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். குடும்ப ஓய்வூதியம் என்று ஒரு கட்டம். எனக்குப் பிறகு அந்தப் பணத்தை வாங்கத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்விக்கு எதிரே, 'எவருமில்லை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பார்க்க நல்ல உயரம், அப்பா மாதிரியே மீசை. ஆனால் மனதளவில் அவன் ஐந்தாறு வயதிலேயே நின்றுவிட்டான். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவன் அப்பா விசைத்தறி வைத்திருந்தார். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு வீட்டில் நானும் அவனும்தான்.

கையில் தாளோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அது விதிங்க டீச்சர். உங்க வீட்டுக்காரரும் இல்ல. பையனுக்கு இருபத்தஞ்சு தாண்டிப்போச்சு. பையனுங்களுக்கு இருபத்தஞ்சோட முடிஞ்சுதுங்க. ஆபீஸ்ல அதை வெச்சுப் போட்டிருப்பாங்க."

"அவன் மத்த பையனுங்க மாதிரி இல்லீங்களே சார்."

"தெரியுமுங்க டீச்சர். என்ன பண்ணலாம்னு கேட்டுப்பாக்கறனுங்க."

அவர் கேட்டுச் சொல்வதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று வரை சாவைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்த பிறகு, ரோட்டைத் தாண்டக்கூட பயம் வந்துவிட்டது. லாரி ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப் போட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறதே, என் வீட்டுக்காரருக்கு வந்தது எனக்கும் வருகிறதோ என்று கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொள்வேன். என் மகன் தட்டில் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் போன அடுத்த மாதம் இந்தத் தட்டில் யார் சோறு போடுவார்கள்? திருப்பூரில் இருக்கும் என் தங்கை நல்லவள்தான். ஆனால் அவளுக்கும் குடும்பம், வாடகை, பனியன் கம்பெனி வேலை. வெறுங்கையோடு ஒரு பெரிய ஆளை அவள் தலையில் எப்படிக் கட்டுவது?

பிறகுதான் தலைமையாசிரியர் வந்து சொன்னார். மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைகளுக்கு வயது வரம்பு கிடையாதாம். ஆயுசுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டாம். ஆனால் அவன் சொந்தமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாதவன் என்று மருத்துவக் குழு சான்று கொடுக்க வேண்டும். அவனிடம் ஏற்கெனவே இருந்த மாற்றுத்திறனாளி அட்டை மட்டும் போதாது.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கூடவே வேறொரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. குழு 'முடியும்' என்று எழுதிவிட்டால்?

ஏனென்றால் என் மகனுக்கு நிறைய வேலை தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன். துணி மடிப்பான். வாசல் கூட்டுவான். தட்டுக் கழுவுவான். தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவான். ஒவ்வொன்றையும் கற்றுக்கொடுக்க மாதக்கணக்கில், சிலதற்கு வருடக்கணக்கில் ஆனது. பால் பாக்கெட்டோடு முதன்முதலில் அவன் தனியாக வீடு திரும்பிய அன்று நான் அழுதிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், மருத்துவக் குழுவுக்குப் போகும் அன்று காலையில், 'சாமி, இன்னிக்கு இவனுக்கு எதுவும் வரக்கூடாது' என்று கும்பிட்டேன்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள். நடுவில் இருந்த பெண் டாக்டர்தான் அவனிடம் பேசினார். நல்ல சட்டை போட்டு, தலைசீவி, பவுடர் பூசி அழைத்து வந்திருந்தேன். அவனுக்கு ஒரே குஷி. இத்தனை பேர் தன்னைப் பார்த்துக் கேள்வி கேட்பது அவனுக்குப் புதிது.

"கடைக்கெல்லாம் போவீங்களா தம்பி?"

"போவேன்."

"என்ன வாங்குவீங்க?"

"பாலு. ரெண்டு."

"காசு?"

"குடுப்பேன். மிச்சம் வாங்குவேன்."

அவன் கொடுப்பது என்ன நோட்டு, வாங்குவது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. கடைக்காரர் கையில் வைப்பதை மடக்கி எடுத்து வருவான். ஆனால் அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். இன்னொரு டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். அவன் நிறுத்தவில்லை. "துணி மடிப்பேன். கூட்டுவேன். அம்மாக்குத் தண்ணி குடுப்பேன்." எண்ணச் சொன்னார்கள். பத்து வரை எண்ணினான். அதற்கு நான் எத்தனை வருடம் அவனோடு உட்கார்ந்திருப்பேன்! அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, அடுத்தது வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தாங்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க டாக்டர், அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சும்மா சொல்றானுங்க. நான் இல்லைன்னா சோறுகூட எடுத்துத் தின்ன மாட்டானுங்க. எதுக்கும் ஆகமாட்டானுங்க."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. ஏதோ புரியாத பாஷையில் நான் பேசிவிட்டது மாதிரி பார்த்தான். "தெரியும்மா," என்றான் மெல்ல. அதற்குப் பிறகு டாக்டர் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை. இன்னொரு நாள் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது சூலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். சிங்காநல்லூர் வரை ஒரு பஸ்ஸில் வந்து, அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டோம். வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். வழக்கமாக என் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வான். அன்று பிடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தேன். பசியாக இருக்கும், அவனுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன்.

"இங்கயே உக்காந்திரு கண்ணு. அம்மா சித்த நேரத்துல வந்தர்றேன்."

பேக்கரி எதிரிலேயேதான் இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெஞ்சில் என் பை இருந்தது. அவன் இல்லை.

முதலில் பதறவில்லை. பாத்ரூம் போயிருப்பான் என்று கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன். வாசலில் காசு வாங்கியவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றார். நின்ற பஸ்களின் பின்னால் பார்த்தேன். பூக்கடை, பழவண்டி, செல்போன் கடை. ஒவ்வொருவரிடமும் "நீலக்கலர் சட்டைங்க, மீசை வெச்சிருப்பானுங்க, ஒரு மாதிரி சிரிப்பானுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்து போனது. நேரக்காப்பாளர் அறையில் கெஞ்சி மைக்கில் அவன் பெயரைச் சொல்ல வைத்தேன். ஸ்பீக்கரில் பெயர் ஒலித்தபோதுதான் ஞாபகம் வந்தது, மைக்கில் வரும் குரல் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அவனுக்குப் புரியாதே!

அங்கிருந்த போலீஸ்காரர் விவரம் கேட்டார்.

"வயசு என்னங்கம்மா?"

"முப்பத்திரண்டுங்க."

"முப்பத்திரண்டு வயசு ஆளுங்களா? வந்துருவாருங்கம்மா, எங்காச்சும் டீ குடிக்கப் போயிருப்பாரு."

நான் சொல்லிப் புரியவைத்த பிறகு அவர் முகம் மாறியது. உடனே வாக்கி டாக்கியில் பேசினார். ஆனால் என் மனம் வேறெங்கோ போய்விட்டது. ஒரு முறை கோயில் நோம்பித் திருவிழாவில், அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை இவன் தூக்கிச் சமாதானம் செய்யப் போய், பிள்ளை பிடிக்கிறவன் என்று நாலைந்து பேர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்து காப்பாற்றினேன். அடித்தால் ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாதவன். பேர் கேட்டால் சிரிப்பான். அதைத் திமிர் என்பார்கள், இல்லையென்றால் குடித்திருக்கிறான் என்பார்கள். பக்கத்தில் குளம் வேறு இருக்கிறது. திருச்சி ரோட்டில் வண்டிகள் போகிற வேகம். நான் செத்த பிறகு என்ன நடக்கும் என்று இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தேனே, அது நான் உயிரோடு இருக்கும்போதே, என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. கையில் பன் பொட்டலம் நசுங்கியதுகூடத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அலைந்தேன் என்று தெரியாது. போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்.

"டீச்சரக்கா, எங்கிருக்கீங்க? தம்பி ஊட்டு வாசல்ல உக்காந்திருக்குது. கூட ஒரு அம்மா இருக்காங்க. நீங்க எங்கேனு கேட்டா சிரிக்குது."

ஓடிப்போய் அந்தப் போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர்தான் ஓர் ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஆட்டோவில் போகும்போதும் பயம் தீரவில்லை. அது அவன்தானா, அடிபட்டிருக்கிறானா, மறுபடியும் எழுந்து எங்காவது போய்விடுவானோ என்று டிரைவரை விரட்டிக்கொண்டே போனேன்.

வாசற்படியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் அம்மா. வயல்காட்டில் வேலை செய்து கறுத்த கை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, காலடியில் ஒரு சாக்குமூட்டை. பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த டீயை இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கட்டிப்பிடித்து, தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அந்த அம்மா தாராபுரத்துக்காரர். கோயமுத்தூரில் மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். நடந்ததை அவர்தான் சொன்னார்.

"கண்டக்டரு சூலூர், பல்லடம், தாராபுரம்னு கத்திட்டு இருந்தாருங்க. தம்பி வந்து என்ற பக்கத்துல உக்காந்துச்சு. டிக்கெட் கேட்டதுக்கு சூலூருன்னு சொல்லிப்போட்டு வெறுங்கையை நீட்டுச்சுங்க. குடிச்சிருக்கான், எறக்கி உடுங்கன்னு பொறத்தால ஒருத்தரு சத்தம் போட்டாரு. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க, இது கொழந்தைன்னு. நானே டிக்கெட் எடுத்தனுங்க."

"நீங்க தாராபுரம் போகவேண்டியவங்க, இங்க எறங்கிட்டீங்களே?"

"சூலூர் வந்ததும் தம்பி தானா எந்திரிச்சுதுங்க. எனக்கு மனசு கேக்கல. பஸ்ஸு போனா இன்னொண்ணு வருமுங்க." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நாந்தான் கூட்டியாந்து உட்டேன்னு நெனைக்காதீங்க டீச்சர். தம்பி முன்னால நடந்துச்சு, நான் பொறத்தால வந்தனுங்க. ஒரு சந்துலகூட நிக்கலீங்க. ரோட்டைத் தாண்டறப்ப மட்டும் என்ற கையைப் புடிச்சுக்கிச்சு."

சாப்பிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். வீட்டில் மாடு கட்டிக் கிடக்கிறது என்று எழுந்துவிட்டார். டிக்கெட் காசை நீட்டினேன், வாங்கவில்லை. என் மகன் அவருடைய மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். மூவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அந்த அம்மாவை ஏற்றிவிட்ட பிறகு கேட்டேன், ஏன் கண்ணு அம்மாவை விட்டுவிட்டு வந்தாய் என்று.

"சூலூர் தெரியும்," என்றான். அவ்வளவுதான்.

அவன் கிடைத்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அடுத்த தடவை மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டுமே. தனியாகப் பஸ் ஏறி வீடு வந்து சேர்கிற ஆளுக்கு எதற்கு ஓய்வூதியம் என்று கேட்டுவிட்டால்? இதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அறைக்குள் நுழைந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை, அவன் அந்தப் பெண் டாக்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"பஸ்ல போனேன். நானே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா தம்பி? எங்க போனீங்க?" என்று அவனிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. பஸ் ஸ்டாண்ட், மைக், தாராபுரத்து அம்மா என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். கடைசியில், "இதை வெச்சு இல்லைன்னு எழுதிப்போடாதீங்க டாக்டர்," என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் என் கையை இறக்கிவிட்டார்.

"பஸ் ஏறி ஊடு வந்து சேந்துட்டா, சம்பாதிச்சுப் பொழைச்சுக்குவாருன்னு எழுத மாட்டோமுங்கம்மா. டிக்கெட்டுக்கு இன்னொருத்தர் காசு குடுத்தாங்கள்ல, ரோட்டைத் தாண்டக் கை குடுத்தாங்கள்ல, அதைத்தான் நாங்க பாக்கறோம். அதுக்குத்தான் இந்தப் பென்ஷனே. அவருக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கோ அவ்வளவும் உங்க உழைப்பு. அதை அவரு முன்னாலயே இல்லைன்னு சொல்லாதீங்க. போன தடவை நீங்க பேசினப்ப அவரு மொகத்தைப் பாத்தனுங்க. என்னால அன்னிக்கு அதுக்கு மேல கேக்க முடியலீங்க."

அன்று அவர் கேட்டதற்கெல்லாம் அவனையே பதில் சொல்ல விட்டேன். கையில் ஒரு நோட்டைக் கொடுத்து இது எவ்வளவு என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "தெரியாது," என்று அவனே சொன்னான். சொல்லும்போது சிரித்தான்.

சில வாரங்களில் சான்று வந்தது. திருத்திய கணக்கில் அவன் பெயர் ஏறியது, என் தங்கை பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பணம் வரும் வழி தெரிந்துவிட்டது. ஆனால் காய்ச்சலில் படுத்தால் அவன் நெற்றியை யார் தொட்டுப் பார்ப்பார்கள் என்பதற்கு எந்தக் கட்டத்திலும் பதில் இல்லை. இன்றைக்கும் அவன் கடைக்குப் போய்வரக் கொஞ்சம் தாமதமானால் நான் தெருவில் இறங்கி நின்றுவிடுகிறேன். அந்தப் பயத்தை என்னோடு வைத்துக்கொண்டு அவனைப் போய்வரச் சொல்கிறேன். நான் இல்லாத நாளில் அவனுக்குத் துணையாக வரப்போவது அவனுக்குத் தெரிந்த அந்த நாலு விஷயங்களும், கை நீட்டினால் பிடித்துக்கொள்கிற யாரோ ஒருவரும்தான் என்பதை அவனே எனக்குப் புரியவைத்தான்.